ஆறாம் லைன் கையுறைகள்

விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே, தனக்கு அந்தப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டதாகக் கேஷானி தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. கிடைக்கும் என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம். அவளுடைய அம்மா இருதயம்மா மகளின் பேச்சை அப்படியே நம்பி, மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்தாள். கேட்பதற்காக ஏற்றுகிற மெழுகுவர்த்தி அல்ல, கிடைத்ததற்கு நன்றி சொல்லி ஏற்றுகிற மெழுகுவர்த்தி. மாதாவுக்கே ஒன்றும் புரிந்திருக்காது.

விஷயம் இதுதான். பதுளையில் கையுறை தைக்கிற பெக்டரி ஒன்றில் கேஷானி பொறியியலாளர். வெளிநாட்டில் கட்டடம் கட்டுகிறவர்களும் இரும்பு வெட்டுகிறவர்களும் போட்டுக்கொள்கிற முரட்டுக் கையுறை அது. அந்தக் கம்பனிக்கு நாடு முழுக்க இப்படிப் பல பெக்டரிகள். வருஷத்துக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சம்பளத்தையும் நிறுத்தாமல், படிப்புச் செலவையும் தானே கட்டி, உற்பத்திப் பொறியியலில் முதுமாணிப் பட்டம் படிக்க அனுப்பும். படித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் எந்த மெஷினை வாங்குவது, எந்த வேலையை எப்படிப் பிரிப்பது என்று தீர்மானிக்கிற நாற்காலியில் உட்காருவார்கள். கேஷானிக்கு அந்த நாற்காலி வேண்டும். வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களுக்குள்தான் விண்ணப்பிக்கலாம் என்று விதி. அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். இதை விட்டால் அவ்வளவுதான்.

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டத்தில் அவளுடைய அப்பா யேசுரத்தினம், ஸ்டோர் என்று எல்லாரும் சொல்கிற தேயிலை ஆலையில் அடுப்புப் பார்க்கிறவர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் கேஷானி உள்ளே நுழைந்து ஒவ்வொரு மெஷினாக வேடிக்கை பார்ப்பாள். ஒருநாள், அரைத்த தூள் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, இன்னொரு பக்கம் அடுப்பு சும்மா எரிகிறதே, ஏன் என்று அப்பாவிடம் கேட்டாள். அதைத் துரையிடம் போய்க் கேள் என்று அவர் எரிச்சலில் சொல்லிவைத்தார். பிள்ளை நேராகத் தோட்டத்துரையிடமே போய்க் கேட்டுவிட்டது. யேசுரத்தினம் கொதிகலனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். துரை சிரித்துவிட்டுப் போனார், பதில் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு கேஷானிக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வாள்.

கெம்பஸ் முடித்ததும் கூடப் படித்தவர்கள் எல்லாம் கொழும்பில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் பதுளைக்குத் திரும்பி வந்தாள். ஊர்ப் பாசம், மண் வாசனை என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்கு ஆத்திரம் வரும். கொழும்பில் நூறு பொறியியலாளர்களோடு நூற்றோராவது ஆளாக நிற்கவேண்டும், இங்கே பெக்டரிக்கே நான் ஒருத்திதான், நான் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. உற்பத்தி மெனேஜர் றிகாஸ் பதுளை டவுன்காரர், தங்கமான மனுஷர். இவளோடு வாதாடி ஜெயிப்பதைவிடத் தலையாட்டிவிட்டுப் பிளேன்டீ குடிப்பது மேல் என்று முதல் மாதத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டார்.

புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறவர் தன் பெக்டரியில் ஏதாவது ஒன்றைத் தானே மாற்றிக் காட்டவேண்டும். மாற்றத்தால் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று எழுதியும் அனுப்பவேண்டும். கேஷானி கைவைத்தது கட்டுகளில். கையுறை ஒரே ஆளிடம் தைத்து முடிவதில்லை. ஒருவர் பெருவிரலை வைப்பார், அடுத்தவர் மற்ற விரல்களைச் சேர்ப்பார், இன்னொருவர் ஓரம் அடிப்பார். ஒவ்வொருவரும் ஒரு பெரிய கட்டு முழுவதையும் தைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் தள்ளுவார்கள். அதுவரை அந்தக் கையுறைகள் மடியில் கிடந்து தூங்கும். கட்டே வேண்டாம், ஒன்றைத் தைத்ததும் ஒன்றை அடுத்த கைக்குக் கொடுங்கள் என்றாள் கேஷானி. நாலாம் லைன் என்கிற தையல் வரிசையின் எட்டு மெஷின்களையும் குதிரை லாடம் மாதிரி வளைத்துப் போட்டாள். றிகாஸ் வழக்கம்போலத் தலையாட்டினார்.

முதல் சில நாட்கள் படு மோசம். பெருவிரல் வைக்கிற இடத்தில் கையுறை குவிந்தது, ஓரம் அடிக்கிற பிள்ளை வேலையில்லாமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் கேஷானி கன்டீனில் சரியாகச் சாப்பிடவில்லை. லைன்களுக்கு நடுவில் போகும்போதும் வரும்போதும் முடிந்த கையுறை விழுகிற பெட்டியையே பார்த்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் கவலை அப்பட்டமாகத் தெரிந்தது. தைக்கிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பெண்கள். பெக்டரி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். கேஷானியைப் பாவாடை காலத்திலிருந்தே பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த முகத்தை அவர்களும் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் நாலாம் லைன் ஏறியது. சும்மா ஏறவில்லை, ஒரேயடியாக ஏறியது. முன்பு தைத்ததைவிடக் கால்வாசி கூடுதல். கேஷானிக்குத் தலைகால் புரியவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிய கதை நடந்தது இந்த வாரத்தில்தான். றிகாஸ் கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கணக்கைப் பார்த்தார். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து இதைப் பார்க்கவேண்டும் என்றார். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்றாள் இவள்.

வந்து பார்த்தது ஜுமானா. முடிந்த கையுறைகளைப் பிரித்துத் தரம் பார்க்கிற பிரிவு அவளுடையது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். எந்த லைன் தைத்தது என்று தெரிவதற்காகக் கையுறையின் உள்பக்கம் லைன் எண் போட்ட சின்னத் துண்டு ஒன்று தைத்திருக்கும். நாலாம் லைன் பெட்டிக்குள் ஆறு என்று போட்ட கையுறை ஒன்று கிடந்தது. கை தவறி விழுந்திருக்கும் என்று ஜுமானா முதலில் நினைத்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஆறு, ஆறு, ஆறு. ஒரு மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு கேஷானியிடம் வந்து மேசையில் கொட்டினாள்.

கேஷானியின் முகத்தில் ஈயாடவில்லை. உடனே சத்தம்போட்டிருப்பாள் என்றுதான் நினைப்பீர்கள். போடவில்லை. தேத்தண்ணி இடைவேளைக்கு மணி அடித்ததும் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆறாம் லைன் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, கன்டீனுக்குப் போகிற வழியில் நாலாம் லைனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அது சுற்றுவழி. அங்கே போனதும் ஏப்ரன் பைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது, பெட்டிக்குள் போனது. முன்னால் பார்த்து, கதைபேசிக்கொண்டே, ஒரு நடை கூடத் தளராமல் செய்தார்கள். கடைசியாக வந்தவள் விஜயலெட்சுமி. அவள் பையிலிருந்துதான் ஆக அதிகமாகக் கொட்டியது.

விஜயலெட்சுமி இவர்கள் லயத்தில் இரண்டு வாசல் தள்ளி இருக்கிறவள். பல வருஷம் கொழுந்து பறித்தாள், கால் மலை ஏற மறுத்ததும் கார்மென்டுக்கு வந்தாள். ஆறாம் லைனில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. கேஷானிக்கு அத்தை முறை. பெக்டரிக்குள் மற்றவர்கள் காதுபட மிஸ் என்று கூப்பிடுவாள், பஸ்ஸில் ஏறிவிட்டால் அடியே என்பாள்.

அவள் செய்தது என்ன என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து பறிக்கவேண்டும். பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி, காய்ச்சலோடு ஒருத்தி என்று யாராவது குறைத்துப் பறித்திருப்பார்கள். நிறுக்கிற இடத்துக்கு வரும்போது மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி அள்ளி அவளுடைய சாக்கில் போட்டுவிடுவார்கள். யாரும் கேட்டுப் போடுவதில்லை. போட்டதை யாரும் சொல்லிக்காட்டுவதும் இல்லை. கேஷானியின் தம்பி வயிற்றில் இருந்தபோது இருதயம்மாவுக்கும் அப்படித்தான் முழுப்பேர் விழுந்தது.

அதையேதான் ஆறாம் லைன் கையுறையில் செய்திருக்கிறது. கேஷானியின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், கணக்குக் குறைகிறதென்று புரிந்திருக்கிறது. ஆளுக்கொரு பிடி போட்டுவிட்டார்கள்.

கேஷானி விஜயலெட்சுமியைத் துணி அடுக்குகிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கு வாங்கென்று வாங்கினாள். இது கொழுந்தா, சாக்கா, என்னுடைய படிப்பா என்று கேட்டாள். இப்படிச் செய்ததால் என் மாற்றம் சரியா பிழையா என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றாள். கொழும்பிலிருந்து வந்து யாராவது பெட்டியைக் கவிழ்த்திருந்தால் என் மானம் போயிருக்கும் என்றாள். விஜயலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம புள்ளைக்கு அரைப்பேர் விழுறத பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

இனிமேல் ஒரு கையுறைகூட இந்தப் பக்கம் வரக்கூடாது என்று மட்டும் கேஷானி சொன்னாள். விஜயலெட்சுமி விறுவிறுவென்று போய்விட்டாள். அன்றிலிருந்து ஆறாம் லைன் இவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ்ஸிலும் அடியே வரவில்லை.

கேஷானி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். குவிகிற இடத்தில் ஒரு மெஷினைக் கூட்டினாள், சும்மா இருந்த பிள்ளைக்குப் பாதிப் பெருவிரல் வேலையைப் பிரித்துக் கொடுத்தாள், பெட்டியை ஜுமானாவின் கண்ணுக்கு நேரே வைத்தாள். நாலாம் லைன் மெல்ல மெல்ல ஏறியது. கால்வாசி எல்லாம் இல்லை. பத்தில் ஒரு பங்கு வரும், அதுவும் நல்ல நாளில். ஆனால் சொந்த ஏற்றம்.

றிகாஸிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர், பழைய கணக்கையே அனுப்புங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன், யாரும் வந்து துருவப்போவதில்லை என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை போய்ப் படிக்கட்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆசை. கேஷானி முடியாது என்றுவிட்டாள். அதில் நேர்மை பாதி என்றால் திமிர் பாதி. வேறு யாரோ தைத்த எண்ணிக்கையைக் காட்டி ஜெயிப்பதற்கு நான் எதற்கு, எனக்குப் பத்தில் ஒன்றே போதும் என்றாள். போதுமா என்று அவளுக்கே தெரியாது. சொல்கிறபோது போதும் என்றுதான் இருந்தது.

விண்ணப்பத்தில் உண்மைக் கணக்கைப் போட்டாள். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இரண்டாம் வாரத்துக் கணக்கை ஏன் விட்டுவிட்டாள் என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று, ஆறாம் லைன் கையுறைகள் கலந்துவிட்டதால் அந்த வாரத்தைச் சேர்க்கவில்லை என்று ஒரு வரியையும் எழுதி அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்த வாரம் ஆறாம் லைன் இத்தனையைத் தூக்கிக் கொடுத்ததே, அதனுடைய சொந்தக் கணக்கு எவ்வளவு குறைந்தது? எடுத்துப் பார்த்தாள். குறையவே இல்லை. ஒவ்வொரு நாளும் தன் டார்கட்டை முழுசாகத் தைத்துவிட்டு, அதற்கு மேலேயும் தைத்து, அதைத்தான் இந்தப் பக்கம் கொடுத்திருக்கிறது. அப்படியானால் ஆறாம் லைனால் எப்போதுமே அவ்வளவு தைக்க முடியும். வேண்டுமென்றே தைப்பதில்லை.

ஒரு பொறியியலாளருக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேண்டுமா! குதிரை லாடமும் வேண்டாம், புதிய மெஷினும் வேண்டாம். இந்த ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் கொழும்பில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கேஷானிக்குக் கை பரபரத்தது. ஆனால் கணக்கை மூடி வைத்தாள். ஏன் தைப்பதில்லை என்று அவளுக்குத் தெரியாதா? ஒருநாள் உற்சாகத்தில் கூடப் பறித்தால் மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டிலேயே எல்லாருக்கும் கிலோவைக் கூட்டிவிடுவார்கள் என்று அவளுடைய அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். கூட்டினால் கூட்டியதுதான், பிறகு இறங்காது. வயசானவர்கள், பிள்ளைக்காரிகள், காலில் வலி உள்ளவர்கள் எல்லாரும் அந்தக் கிலோவைச் சுமக்கவேண்டும். அந்தப் பயத்தில்தான் ஆறாம் லைன் தன் கையை மறைத்து வைத்திருந்தது. தான் எழுதிய வரி அந்தக் கையைக் கொழும்புக்குக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று கேஷானிக்கு இப்போது பயம் பிடித்தது. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போனாள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கேட்டதற்கெல்லாம் கேஷானி பிய்த்து உதறினாள். கட்டுகள் ஏன் தூங்குகின்றன, வளைத்துப் போட்டால் ஏன் விழித்துக்கொள்கின்றன என்று படம் போட்டே காட்டினாள். அவர்கள் முகத்தில் திருப்தி தெரிந்தது. நடுவில் இருந்தது நரைத்த முடி மேடம் ஒருவர், குழுவின் தலைவர். அதுவரை வாய் திறக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த வரியில் விரலை வைத்தார். எத்தனை கையுறை கலந்தது என்று கேட்டார். நிறைய என்றாள் இவள். அப்படியானால் அந்த வாரம் ஆறாம் லைன் தன் டார்கட்டைத் தொட்டதா, இல்லையா என்று கேட்டார்.

பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். நம் பேச்சில் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். மேடத்துக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிட்டது என்று கேஷானிக்குத் தெரிந்தது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் நாற்காலி அவளுக்கு. விஜயலெட்சுமிக்கும் மற்ற ஏழு பேருக்கும், அவர்கள் மட்டுமா, எல்லா லைன்களுக்கும் அடுத்த மாதமே டார்கட் ஏறும். பொய் சொல்லலாம். தொடவில்லை என்று சொன்னால் யார் பார்க்கப்போகிறார்கள்? பொய்யும் வாயில் வரவில்லை.

"அந்தக் கணக்கு எனக்குத் தெரியும் மேடம். ஆனா சொல்ல மாட்டேன்."

பக்கத்தில் இருந்த இருவரும் நிமிர்ந்தார்கள். கம்பனியின் காசில் படிக்க வந்துவிட்டு, கம்பனியிடமே கணக்கை மறைக்கிறீர்களா என்று மேடம் கேட்டார். குரலில் கோபமில்லை. அதனால்தான் கேஷானிக்குக் கூடுதலாக வியர்த்தது. ஆனால் ஆரம்பித்துவிட்டால் நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு ஏது?

"அது பெக்டரிக்காகத் தைச்சது இல்ல மேடம், எனக்காகத் தைச்சது. அதை டார்கட்டா போட்டீங்கன்னா, அடுத்த வாரமே அது இருக்காது. இன்னும் நல்லா ஒளிச்சு வைக்கத்தான் பழகுவாங்க. என்னைப் படிக்க அனுப்புங்க. கூடத் தைச்சா தண்டனை இல்ல, கூலி உண்டுன்னு அவங்க நம்புற மாதிரி ஒரு லைனை நான் போட்டுக் காட்டுறேன். அப்ப அவங்களே சொல்லுவாங்க அந்தக் கணக்கை."

மேடம் பேனாவை மூடினார். சரி, போகலாம் என்றார். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

திரும்பி வருகிற ரயிலில்தான் கேஷானிக்கு முதன்முதலாக, கிடைக்காமலும் போகலாம் என்று தோன்றியது. அப்புத்தளையில் கடலை விற்கிறவர் ஏறினார், வாங்கிய கடலையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏற்றிய மெழுகுவர்த்தியைத் திருப்பி வாங்கமுடியாது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. ஆனால் சொன்னதைப் பிழை என்று அவளால் நினைக்க முடியவில்லை. எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும், மறுபடி கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்லியிருப்பாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், நல்லா செஞ்சேன், பாப்போம் என்றாள். பாப்போம் என்ற சொல்லை மகள் வாயில் கேட்டறியாத இருதயம்மா பயந்துபோய் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

சில நாள் கழித்து, றிகாஸ் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் போன் இருந்தது. மேடமே நேரடியாகப் பேசியிருக்கிறார். எங்களிடம் நிறையப் பேர் நல்ல கணக்குக் கொண்டுவந்தார்கள், கேட்காமலேயே தைத்துக் கொடுக்கிற ஆட்களை ஒருவரும் கொண்டுவரவில்லை என்றாராம். அந்த லைனைப் போட்டுக் காட்டுவதுதான் அவளுடைய படிப்பின் ஆய்வாக இருக்கவேண்டுமாம். அது முடிகிறவரை ஆறாம் லைன் பக்கம் யாரும் போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். கேஷானி கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரியுமே என்று சொல்வாள் என்று றிகாஸ் காத்திருந்தார். அவள், சேர், ஒரு நிமிஷம் இருங்க என்றுவிட்டுக் கீழே இறங்கினாள்.

நேராக ஆறாம் லைனுக்குத்தான் போனாள். எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் நிமிரவில்லை. விஜயலெட்சுமியின் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, கிடைச்சிருச்சு அத்தை என்றாள். விஜயலெட்சுமி கையுறையைத் திருப்பிப் போட்டு ஓரத்தை அடித்தாள். நல்லது என்றாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"கொழும்புல எங்க லைனப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நாங்க டார்கட்டுக்கு மேல தைச்சத சொன்னியா?"

கேஷானிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கணக்கைத் தான் ஒருத்திதான் கண்டுபிடித்ததாக இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியது தான்தான் என்றும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இல்லை, சொல்லவில்லை என்றாள். பிறகு அந்த மெஷின் சத்தத்தில் அவளுக்கே கேட்காத குரலில், குடுக்கும்போதே தெரியுமா அத்தை என்று கேட்டாள்.

விஜயலெட்சுமி மெஷினை நிறுத்தினாள்.

"தெரியாம என்ன? எட்டுப் பேரும் உக்காந்து பேசித்தான் குடுத்தோம். கண்டுபுடிச்சா எங்களுக்குக் கூட்டுவாங்கன்னு தெரியும். கூடுனா கூடட்டும், புள்ள போய்ப் படிக்கட்டும்னுதான் குடுத்தோம்."

சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கினாள். கேஷானி அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதாள். ஆறாம் லைன் எட்டுப் பேரும் தைத்துக்கொண்டே இருந்தார்கள்.